பழைய உக்ரைன் தபால் கார்டு: பேசுவது படமா, அடியில் உள்ள வரியா?

வாசகர் கேள்வி, 4 பிப்ரவரி 2024

பழைய உக்ரைன் படக் கார்டுகள் "தேசிய அடையாளத்தின் வெளிப்பாடு" என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். நான் பார்த்தவரை வைக்கோல் கூரை வீடு, பூவளையம் சூடிய பெண், தெருவோரம் பாடுகிற குருட்டுக் கிழவர், அவ்வளவுதான். சுற்றுலாக் கடையில் தொங்குகிற சரக்கு. இதில் தேசம் எங்கே, கவிதை எங்கே? அர்த்தமெல்லாம் நாம் பிற்பாடு ஏற்றுவதுதானே?

4 பிப்ரவரி, இரவு 10.40

பாதி ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் நூற்றுச் சொச்சம் கார்டு இருக்கிறது, அதில் குறைந்தது நாற்பது நீங்கள் சொல்லும் சரக்கு ரகம். உக்ரைனில் பொல்தாவா என்ற ஊரில் மருத்துவம் படித்த ஆறு வருஷத்தில் சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடித்து வாங்கியவை, அதனால் சரக்கு என்றால் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சரி, அந்த வைக்கோல் கூரை வீட்டையே எடுத்துக்கொள்வோம். வெள்ளையடித்த மண்சுவர், பக்கத்தில் பூத்து நிற்கிற மரம், வாசலில் ஆளில்லை. அடியில் ரஷ்ய மொழியில் "மலோரஷ்ய வீடு" என்று அச்சிட்டிருக்கும். மலோரஷ்யா என்றால் சின்ன ரஷ்யா, ரஷ்யப் பேரரசு அந்த நாட்டுக்கு வைத்திருந்த பெயர். முதல் வருஷக் குளிர்காலத்தில் இதை வாங்கிவந்து, நான் அறை எடுத்திருந்த வீட்டுப் பாட்டியிடம் காட்டினேன். உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். கார்டை ஒரு தடவை பார்த்தார், கத்தியை நிறுத்தவில்லை, வாய் மட்டும் தானாக ஓடியது: "சதோக் விஷ்னேவி கோலோ ஹாத்தி..." வீட்டருகே செர்ரித் தோப்பு, செர்ரிகளின் மேல் வண்டுகள் ரீங்கரிக்கின்றன, கலப்பையோடு உழவர்கள் வருகிறார்கள், பெண்கள் பாடிக்கொண்டே நடக்கிறார்கள், அம்மாக்கள் ராத்திரிச் சாப்பாட்டோடு காத்திருக்கிறார்கள். மொத்தக் கவிதையே இவ்வளவுதான். சண்டை இல்லை, முழக்கம் இல்லை, "உக்ரைன்" என்ற சொல்கூடக் கிடையாது.

உக்ரைனின் தேசியக் கவி தராஸ் ஷெவ்சென்கோ இதை எழுதியது 1847-இல், அன்றைய ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கில் சிறைக் கொட்டடியில் இருந்தபடி. அது தெரிந்தபிறகு அந்தக் கார்டை வெறும் வீடாகப் பார்க்க என்னால் முடிந்ததில்லை. பாட்டியால் எந்தக் காலத்திலும் முடிந்திருக்காது.

5 பிப்ரவரி, காலை

நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் பின்னணியை விட்டுவிட்டேன். சுருக்கமாக: 1863-இல் ரஷ்ய உள்துறை அமைச்சர் வலுயெவ் ஒரு சுற்றறிக்கை விடுகிறார். தனியான "சின்ன ரஷ்ய" மொழி என்று ஒன்று இருந்ததில்லை, இல்லை, இருக்கவும் முடியாது என்ற வாசகம் அதில் வருகிறது. 1876-இல் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் ஜெர்மனியில் எம்ஸ் என்ற ஊருக்கு வெந்நீர் ஊற்றில் குளிக்கப்போன இடத்தில் கையெழுத்துப் போட்ட ஆணை இன்னும் கடுமை. அந்த மொழியில் புத்தகம் அச்சிட முடியாது, வெளிநாட்டிலிருந்து கொண்டுவர முடியாது, நாடகம் போட முடியாது, இசைக்குறிப்பின் அடியில் பாட்டு வரியைக்கூடப் போட முடியாது. கதை கவிதைக்குத் தணிக்கையோடு கொஞ்சம் வழி விட்டார்கள், அதுவும் ரஷ்ய எழுத்துக்கூட்டலில்தான். 1905-க்குப் பிறகுதான் பிடி தளர்ந்தது.

அதனால் கார்டில் நான் முதலில் பார்ப்பது படத்தை இல்லை, அடியில் உள்ள வரியை. எந்த மொழி, எந்த எழுத்து, நாட்டின் பெயராக என்ன போட்டிருக்கிறான். ஒரே மாதிரி பூவளையப் பெண், ஒன்றில் "மலோரஷ்ய வகைகள்", இன்னொன்றில் உக்ரைனிய மொழியில் ஒரு பாட்டு வரி. முதலாவது என்னமோ மிருகக்காட்சிசாலைக் கூண்டில் தொங்கும் பலகை மாதிரி இருக்கும்.

7 பிப்ரவரி

"அப்படிப் பார்த்தால் பாட்டி முணுமுணுக்கும் எதுவும் தேசிய அடையாளம் ஆகிவிடுமே" என்று கேட்டவருக்கு: நியாயமான அடி. பாட்டியின் வாயில் வந்தது கார்டில் இல்லை, பாட்டியிடம் இருந்தது. "மலோரஷ்ய வீடு" கார்டை அச்சிட்டவனுக்கு ஷெவ்சென்கோ நினைவில் இருந்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை, கார்டு விற்றால் போதும் என்று அச்சிட்டிருப்பான். 4-ஆம் தேதி எழுதியதைக் கொஞ்சம் பின்வாங்குகிறேன்.

ஆனால் எல்லாக் கார்டும் அப்படி இல்லை. அம்வ்ரோசி ஜ்தாகா என்று ஒடெஸாக்கார ஓவியர் ஒருவர். நாட்டுப்பாடல்களுக்கு என்றே படம் வரைந்தார், 1910-களின் தொடக்கத்தில் கீவில் "சாஸ்" பதிப்பகம் அவற்றைக் கார்டுகளாக வெளியிட்டது. நடுவே குதிரையில் கோசாக் (அந்தக் காலத்துக் குதிரைவீரன்), கிணற்றடியில் பெண், இப்படி ஒரு காட்சி. சுற்றிலும் பூவேலைச் சட்டகம். கூடவே பாட்டின் வரிகள், உக்ரைனிய மொழியில். இசைக்குறிப்போடு வந்த கார்டும் உண்டு. இப்போது 1876 ஆணையை மறுபடி படியுங்கள்: இசைக்குறிப்பின் அடியில் வரி போடக்கூடாது. முப்பத்தைந்து வருஷம் கழித்து அதே பேரரசுக்குள், தபால்காரர் கையால், உறைகூடப் போடாமல் அது வீடு வீடாகப் போகிறது. இதை நான் பிற்பாடு ஏற்றிய அர்த்தம் என்று தள்ளிவிட முடியாது, வரைந்தவர் தெரிந்தேதான் வரைந்தார்.

ஜ்தாகாவின் கார்டு என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. வலது மூலை மடிந்திருக்கிறது, யாரோ தேநீர்க் கோப்பையை வைத்த வட்டம் கோசாக்கின் தோளில். அதனால்தான் என் விலைக்கு வந்தது.

8 பிப்ரவரி

திருத்தம். இன்னொரு இழையில் ஒருமுறை, "தலையில் ஒற்றைப் புள்ளி வைத்த கோட்டெழுத்து இருந்தால் உக்ரைனியம், இல்லையென்றால் ரஷ்யன்" என்று பெரிய நிபுணர் மாதிரி எழுதியிருந்தேன். தப்பு. 1918-க்கு முந்தைய ரஷ்ய எழுத்திலும் அது உண்டு, உயிரெழுத்துக்கு முன்னால் வரும். மெய்யெழுத்துக்கு முன்னால் வந்தால்தான் உக்ரைனியத்தைச் சந்தேகிக்கலாம். நிச்சயமாகச் சொல்ல இரட்டைப் புள்ளிக்காரரைத் தேடுங்கள், "யி" என்ற ஒலிக்கு வருவது. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி, கொஞ்சம் மெதுவாகச் சுட்டியிருக்கலாம்.

12 பிப்ரவரி, இரவு

பொல்தாவா என்றதும் கொத்லியாரெவ்ஸ்கி சிலைக் கார்டு இருக்கிறதா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இருக்கிறது. மக்கள் பேசுகிற உக்ரைனியத்தில் முதன்முதலாக ஒரு பெரிய காவியத்தை எழுதியவர் இவர், ரோமக் காவிய நாயகன் ஏனீயஸ் கதையை எடுத்துக் கோசாக் வேஷம் கட்டி விட்டார், முதல் பகுதிகள் அச்சானது 1798-இல். சிலை திறந்தது 1903. ஆறு வருஷம் அந்தச் சிலையைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போனேன், மூன்றாம் வருஷம்வரை யாரென்றே தெரியாது. யாரோ ஜெனரல் என்று நினைத்திருந்தேன்.

சிலைக்கதையை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். திறப்பு விழாவில் உக்ரைனிய மொழியில் பேச அனுமதி யாருக்குத் தெரியுமா? வெளிநாட்டவருக்கு. அதாவது எல்லைக்கு அந்தப்பக்கம் ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த கலீசியா உக்ரைனியர்களுக்கு. உள்ளூர்க்காரர்கள் தங்கள் கவிஞரைத் தங்கள் மொழியில் வாழ்த்தக்கூடாது. ஒரு பெண்மணி உக்ரைனியத்தில் வாழ்த்து படிக்க ஆரம்பித்ததும் நிறுத்தினார்கள். அடுத்து கார்கிவ் வக்கீல் மிக்னோவ்ஸ்கியின் முறை. வாழ்த்துத் தாளை உருவிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், வெறும் அட்டையுறையை மட்டும் மேடையில் கொடுத்தார். பிறகு மற்றவர்களும் வெறும் உறைகளாகக் கொடுக்க ஆரம்பித்தார்களாம்.

என் கார்டில் இதெல்லாம் எதுவும் இல்லை. சிலை, இளமரம் நாலு, ஒரு வேலி. அடியில் ரஷ்ய மொழியில் ஊர்ப்பெயர்.

13 பிப்ரவரி

மேலே எழுதியதைப் படித்த நண்பர் ஒருவர் சொன்னது: அவர்கள் கடிதமில்லாத உறையைக் கொடுத்தார்கள், நீ உறையில்லாத கடிதத்தைச் சேர்க்கிறாய்.

அவருக்கு இதில் ஆர்வமே கிடையாது, கிரிக்கெட் இழையிலிருந்து வழிதவறி வந்தவர்.

18 பிப்ரவரி

போலிகளைப் பற்றிக் கேட்டவருக்கு. நானும் ஏமாந்திருக்கிறேன். இந்தியா திரும்பியபின் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் "1908, அசல்" என்று ஒரு கோப்ஸார் கார்டு வாங்கினேன், கோப்ஸா வாத்தியத்தை மடியில் வைத்துப் பாடும் குருட்டுப் பாடகர். வந்ததும் ஆசையோடு பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கிழவரின் தாடி முழுக்க நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் ரோஜாப்பூ மாதிரி ஒழுங்காக வரிசை கட்டி நிற்கின்றன. ஆஃப்செட் அச்சு, நேற்றுப் பெய்த மழையில் முளைத்தது. அக்காலத்துக் கொலோடைப் அச்சில் இப்படிப் புள்ளி வரிசை வராது, நுணுக்கமான சுருக்கம் விழுந்த தோல் மாதிரி இருக்கும். பணம் திரும்பவில்லை. அந்த ஆளைப் பற்றி மேலே எழுதி ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்ள விரும்பவில்லை.

வயது பார்க்க இன்னொரு வழி முதுகுப்பக்கம். செய்தியும் முகவரியும் பிரித்து எழுத நடுக்கோடு இருந்தால், ரஷ்யப் பேரரசுக் கார்டுக்கு 1904-க்கு முன் போகாதீர்கள். அதற்கு முன்னால் முதுகு முழுக்க முகவரிக்குத்தான், சொல்ல வேண்டியதைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதினார்கள். பூவளையப் பெண்ணின் பாவாடைமேல் "மாமாவுக்குக் காய்ச்சல்" என்று எழுதிய கார்டெல்லாம் உண்டு.

பழைய கீவ் காட்சிக் கார்டுகள் நிறைய ஸ்டாக்ஹோமில் கிரான்பெர்க் அச்சகத்தில் அச்சானவை. கலீசியாப் பக்கம் கொலொமியாவில் உக்ரைனியக் கார்டுகளையும் புத்தகங்களையும் கொண்டுவந்த யாக்கிவ் ஓரென்ஷ்தைன் ஒரு யூதர். ஆக, ஒரு தேசத்தின் முகத்தை ஸ்வீடன்காரரும் யூதரும் சேர்ந்து அச்சடித்திருக்கிறார்கள். இதைச் சொன்னால் சில சேகரிப்பாளர்களுக்குக் கோபம் வருகிறது, எனக்கு இது பிடித்திருக்கிறது.

25 பிப்ரவரி

இன்று எடுத்துப் பார்த்தது கனிவ் கார்டு. ஊர்ப்பெயரே தமிழ் மாதிரி இருப்பதால் வாங்கினேன், சத்தியமாக வேறு காரணம் இல்லை. நீப்பர் ஆற்றின் மேலே குன்று, உச்சியில் சிலுவை, ஷெவ்சென்கோவின் கல்லறை. 1845-இல் எழுதிய "சாசனம்" கவிதையில் அவர் கேட்டுக்கொண்டது இதைத்தான்: நான் இறந்தால் என்னை ஒரு மேட்டின்மேல் புதையுங்கள், பரந்த புல்வெளி நடுவே, என் அன்பு உக்ரைனில். 1861-இல் பீட்டர்ஸ்பர்க்கில் இறந்தார், முதலில் அங்கேயே புதைத்தார்கள், இரண்டு மாதம் கழித்து மே மாதம் தோண்டி எடுத்துக் கனிவுக்குக் கொண்டுவந்தார்கள். கவிதையில் ஒரு வரி, அதன்படி ஒரு குன்று, அந்தக் குன்றின் கார்டு. கேள்வி கேட்ட நண்பரே, கவிதை எங்கே என்றீர்களே, இதோ அதன்மேல் ஏறி நிற்கலாம்.

ஆனால் நேர்மையாக மிச்சத்தையும் சொல்ல வேண்டும். கார்டைத் திருப்பினால் செய்தி ரஷ்ய மொழியில் இருக்கிறது. கையெழுத்து கோழி கிளறியது மாதிரி, எனக்குப் புரிந்தது நாலைந்து சொல்தான், அதில் ஒன்று காலோஷ், மழைக்குச் செருப்பின்மேல் போடும் ரப்பர் உறை. சொற்களின் கடைசியில் பழைய ரஷ்ய எழுத்துக்கூட்டலின் மௌன எழுத்து வரிசையாக நிற்கிறது. ஆக தேசியக் கவியின் கல்லறை முன்னால், காலோஷ் பின்னால், அதுவும் ஆள்பவர்கள் மொழியில். உங்கள் கட்சிக்கு ஒரு மதிப்பெண். வாங்கியவருக்கு அது கடையில் கிடைத்த கார்டு, அவ்வளவே. முத்திரையில் 1914, பிப்ரவரி, தேதியில் முதல் இலக்கம் 2, அடுத்தது மை பரவிப் போயிருக்கிறது. ஷெவ்சென்கோவின் நூற்றாண்டு அந்த வருஷம் மார்ச் 9, இது அதற்கு இரண்டு வாரம் முன்னால், எனவே நூற்றாண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

26 பிப்ரவரி

உடனே ஐந்து பேர் வந்துவிட்டார்கள். ஆமாம், நாட்காட்டியை மறந்தேன். ரஷ்யப் பேரரசில் அப்போது பழைய நாட்காட்டி. அதன்படி அவர் பிறந்தது 1814 பிப்ரவரி 25. 1914-இல் அங்கே நூற்றாண்டு நாள் என்றால் பிப்ரவரி 25, தபால் முத்திரையும் அதே நாட்காட்டியில்தான் குத்தியிருப்பார்கள். அரசு அந்த நூற்றாண்டுக் கொண்டாட்டத்தைத் தடை செய்தது, கீவில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆக என் கார்டு சரியாக அந்த நாட்களுக்குள் எங்கேயோ விழுகிறது. 20-ஆகவும் இருக்கலாம், 28-ஆகவும் இருக்கலாம்.

"அப்படியானால் அது 25-தான், மௌனப் போராட்டம்!" என்று எழுதியவரே, காலோஷை மறந்துவிடாதீர்கள்.

2 மார்ச்

கொஞ்சம் வேறு திசை. உக்ரைனிய மொழியில் கடிதத்துக்கு "லிஸ்த்". இலைக்கும் அதே வேர்தான், அதிலிருந்துதான் தபால் கார்டுக்கு "லிஸ்திவ்கா". நமக்கு ஓலையும் மடலும் இருப்பதால் பாட்டி இதைச் சொன்னபோது ஆச்சரியமே வரவில்லை, "எங்களுக்கும்தான்" என்றேன். அவருக்குத்தான் நம்ப முடியவில்லை. பனை என்றால் என்ன என்று படம் வரைந்து காட்ட வேண்டியதாயிற்று, என் பனை முள்ளங்கி மாதிரி வந்தது.

தபால்தலை கேட்டவருக்கு: பூவளையப் பெண் எங்கே போய்ச் சேர்ந்தாள் பாருங்கள். 1918 ஜூலையில் சுதந்திர உக்ரைன் முதல் தபால்தலைகளை வெளியிட்டபோது, 30 ஷாஹ் (அன்றைய சில்லறைக் காசு) தலைக்கு ஹியோர்ஹி நர்புத் வரைந்தது தலையில் வளையம் சூடிய ஒரு பெண். பத்து வருஷம் முன்னால் கார்டுக் கடையில் "வகை" என்று விற்றவள், இங்கே நாடு. அதே தலைகளைத் தடித்த அட்டையில் அச்சிட்டுச் சில்லறைக் காசாகவும் புழங்கவிட்டார்கள், பின்பக்கம் "நாணயத்துக்குச் சமமாகச் செல்லும்" என்று எழுதி. நர்புத் 1920-இல் இறந்தார், முப்பத்து நாலு வயது. அந்தத் தலை என்னிடம் இல்லை, அட்டைக்காசு ஒன்று இருக்கிறது, ஓரம் எலி கடித்தது.

10 மார்ச்

சோவியத் காலத்தைத் தவிர்க்கிறேன் என்று ஒரு புகார். தவிர்க்கவில்லை, எனக்கு அதில் ருசி குறைவு. ஷெவ்சென்கோ படத்தைச் சோவியத் அரசு தாராளமாக அச்சிட்டது, ஜாருக்கு எதிரான புரட்சிக்காரராக. அவரைத் தடை செய்வதைவிட இப்படிப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம். அந்தக் கார்டுகளில் நான் தேடுவது ஒரே ஓர் எழுத்து. உக்ரைனிய மொழியில் ஆங்கில "G" மாதிரி ஒலிக்கு, மேலே கொக்கி வைத்த ஓர் எழுத்து உண்டு. 1933 எழுத்துச் சீர்திருத்தத்தில் அதைத் தூக்கிவிட்டார்கள், 1990-இல்தான் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் கனடாவிலும் ஜெர்மனியிலும் இருந்த அகதி உக்ரைனியர்கள் அதை விடாமல் எழுதினார்கள். என்னிடம் உள்ள ஒரு கிறிஸ்துமஸ் கார்டில் ஆண்டும் இல்லை, அச்சகப் பெயரும் இல்லை, வாழ்த்து வரியில் அந்தக் கொக்கி மட்டும் இருக்கிறது. அதை வைத்தே இது கடல் தாண்டி அச்சானது என்று ஒதுக்கினேன்.

பிப்ரவரி 8-ஆம் தேதிக் குட்டு நினைவிருக்கிறது, 1933-க்கு முந்தையதாகவும் இருக்கலாம் என்று நானே சேர்த்துவிடுகிறேன்.

17 மார்ச், இரவு

பாட்டி 2022-இலிருந்து மகளோடு போலந்தில் இருக்கிறார். மாதத்துக்கு ஒருமுறை வீடியோவில் பேசுவோம். இன்று கனிவ் கார்டின் முதுகைக் கேமரா முன்னால் பிடித்தேன். கண்ணாடியைத் தேட ஐந்து நிமிஷம், பேரன் போனை நேராகப் பிடிக்க இன்னும் ஐந்து நிமிஷம்.

அப்புறம் சத்தமாகப் படித்தார். இரண்டாவது வரியில் "நேமா" வந்தது. ரஷ்யனில் இல்லை என்பதற்கு "நியெத்". நேமா உக்ரைனியச் சொல். அடுத்த வரியில் "துஜே", ரொம்ப. நான் நிறுத்தி, இது என்ன மொழி என்றேன். பாட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நம்ம மொழிதான். எழுத்து மட்டும் அவர்களது. பள்ளிக்கூடத்தில் வேறு எதைச் சொல்லிக்கொடுத்தார்கள்?"

அன்றைக்கு அங்கே உக்ரைனியம் சொல்லித்தந்த அரசுப் பள்ளிக்கூடம் ஒன்றுகூடக் கிடையாது. இது எனக்குத் தெரியும், இந்த இழையிலேயே தடைகளைப் பற்றி எழுதினேன். இருந்தும் சொல்லின் கடைசியில் நின்ற மௌன எழுத்தைப் பார்த்து ரஷ்யன் என்று முத்திரை குத்திவிட்டேன். இரட்டைப் புள்ளியைத் தேடிய கண்ணுக்குக் காது வேலை செய்யவில்லை. 25 பிப்ரவரியில் எதிர்க்கட்சிக்குக் கொடுத்த மதிப்பெண்ணைத் திரும்பப் பெறுகிறேன், முழுசாக இல்லை, அரை மதிப்பெண்.

கேட்பவர்களுக்காகச் செய்தி: அக்கா, காலோஷ் வந்தது, ரொம்பச் சின்னது, போட முடியவில்லை, திருப்பி அனுப்ப ஆள் இல்லை, தம்பிக்கு வைத்திருக்கிறேன். இங்கே சேறு.

கடைசிச் சொல்லைப் படித்துவிட்டுப் பாட்டி சிரித்தார். பொல்தாவாவில் பிப்ரவரி என்றால் எப்போதும் அப்படித்தானாம்.